கவுன்சிலிங்னா எந்த காலேஜ்?

"பையனைக் கவுன்சிலிங் கூட்டிட்டுப் போறோம்ப்பா" என்று 2017-ல் போனில் சொன்னபோது எங்கப்பா கேட்ட கேள்விதான் மேலே இருக்கிற தலைப்பு. பையனுக்கு அப்போ ஆறு வயசு. அப்பாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம்ம ஊரில் கவுன்சிலிங் என்றால் அண்ணா யுனிவர்சிட்டி, கட்-ஆஃப், ஈசிஇ கிடைக்குமா இல்லை மெக்கானிக்கல்தானா, அவ்வளவுதானே. பி.காம் படித்த எனக்கு அந்தக் கவுன்சிலிங்கும் கிடையாது. பாளையங்கோட்டையில் அப்ளிகேஷன் வாங்கினேன், சேர்ந்தேன், முடித்தேன், பேங்க் பரீட்சை எழுதினேன், வடக்கே வந்து விழுந்தேன்.

இந்தப் பழங்கதையை இப்போ எதற்கு எடுக்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை செமினரி ஹில்ஸ் பாலாஜி கோயிலில் ஒரு தம்பதியைப் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு ரயில்வேயில் வேலை, நாக்பூர் வந்து எட்டு மாசம் ஆகிறதாம். மூன்றரை வயசுப் பையன். பிரசாதத் தொன்னையைத் தரையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகத்தான் சொன்னார்கள்: "இன்னும் பேச்சு வரலை சார். ஹிந்தி, மராத்தி, தமிழ்னு கேட்டுக் குழம்பிட்டான்னு சொல்றாங்க. அடுத்த டிரான்ஸ்ஃபர்ல ஊர்ப்பக்கம் போனதும் காட்டலாம்னு இருக்கோம்."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது நான் முழுசாக இரண்டு வருஷம் சொன்ன வாக்கியம். வார்த்தை கூட மாறவில்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் அந்தத் தம்பியிடம் பேசினேன். தங்கமணி வந்து, "போதும், அவங்களைச் சாப்பிட விடுங்க" என்று இழுத்துக்கொண்டு போகும் வரை. சொல்லி முடிக்காத மிச்சம்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தத் தள்ளிப்போடும் வியாதி. வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு எல்லாமே தற்காலிகம். வாடகை வீடு, கேஸ் கனெக்‌ஷன், பள்ளிக்கூடம், எல்லாமே அடுத்த ஆர்டர் வரும் வரைதான். நல்ல டாக்டர், நம்ம பாஷை பேசுகிற டாக்டர், ஊரில்தான் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை வேறு. 2014-ல் குழந்தை டாக்டர் ஒருவர், "ஒருமுறை அசெஸ்மென்ட் பண்ணிப் பாருங்களேன்" என்று பக்குவமாகச் சொன்னார். நான், "மார்ச் க்ளோசிங் முடியட்டும்" என்றேன். அப்புறம் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வரட்டும் என்றேன். 2016 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். சரி, தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்து நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்த இரண்டு மாசம் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கூட்டம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனால் பையன் தூங்கியிருப்பான். தங்கமணி எதையும் பேசத் தெம்பில்லாமல் படுத்திருப்பாள்.

மூன்றரை வயசுக்கும் ஆறு வயசுக்கும் நடுவே போன அந்தக் காலத்தை எந்த ஓவர்டைமும் ஈடுகட்டாது. 16 மாசத்திலிருந்து 30 மாசம் வரையுள்ள குழந்தைகளுக்கென்றே எம்-சாட் என்று இருபது கேள்வி உள்ள ஒரு முதல்நிலைச் சோதனை இருக்கிறது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். அதில் சந்தேகம் வந்தால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, மேலே போய்ப் பார்க்கணும் என்றுதான் அர்த்தம். எனக்கு அது தெரியும்போது என் பையன் வயசு தாண்டிவிட்டான்.

சரி, அசெஸ்மென்ட் என்றால் என்ன செய்வார்கள்? நிறைய பேர் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று நினைக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள் (இதைச் செய்யாமல் நேராகப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினால், நீங்களே கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்). அப்புறம் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் முழுக் கதை. பிறகு பையனோடு விளையாடுவார்கள், கவனிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். நம் நாட்டில் ஆட்டிசத்துக்கு இசா என்று ஓர் அளவுகோல் உண்டு. செகந்திராபாத்தில் இருக்கும் தேசிய நிறுவனம் தயாரித்தது. நாற்பது விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. என் பையனுக்கு 92.

இன்னொன்று, குழந்தை தன் வேலையைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறான் என்று அளப்பது. வைன்லேண்ட் என்ற அமெரிக்க அளவுகோலை மாலின் என்பவர் நம் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியமைத்தார். அதுவும் இதே நாக்பூரில் இருந்துகொண்டு. வெக்ஸ்லரின் புத்திக்கூர்மைச் சோதனையையும் அவர்தான் 1969-ல் இந்தியக் குழந்தைகளுக்காகத் திருத்தி எடுத்தார். ஆரஞ்சு, வெயில் தவிர இந்த ஊருக்கு இப்படி ஒரு பெருமையும் இருப்பது எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

இந்த வைன்லேண்ட் கேள்வியெல்லாம் பெற்றோரிடம்தான் கேட்பார்கள். "சட்டைக்குத் தானே பட்டன் போடுவானா?" நான் தங்கமணியைப் பார்த்தேன். "தனியாகக் குளிப்பானா?" தங்கமணியைப் பார்த்தேன். "அவனுக்கு ஃப்ரெண்ட் யாராவது?" திரும்பவும் பார்த்தேன். தினமும் ஊரார் கேஒய்சியை உட்கார்ந்து சரிபார்க்கிறவன், சொந்தப் பையன் கேஒய்சியில் எல்லா கட்டமும் காலி. இதில் இன்னொரு தமாஷ். நம் வீடுகளில் எட்டு வயசு வரைக்கும் சோறு ஊட்டி விடுவோம். "தானாகச் சாப்பிடுவானா?" என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் விழும். அவனுக்கு முடியாததாலா, நாம் விடாததாலா என்று நீங்கள்தான் பிரித்துச் சொல்லணும். இல்லாவிட்டால் நம் பாசம் அவன் மார்க்கைக் குறைத்துவிடும்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் அசெஸ்மென்ட் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்: 74. பக்கத்தில் 'பார்டர்லைன்'. அதற்குக் கீழே ஒரு வரி, குழந்தை பல இடங்களில் அர்த்தமில்லாத சொற்களைச் சொல்கிறான் என்று. தங்கமணி அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். "என்ன சொன்னான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். அந்தம்மா நல்ல மனுஷி, குறிப்பு நோட்டை எடுத்துத் தான் காதில் வாங்கி எழுதி வைத்திருந்ததை வாசித்தார். சுத்தி. கொடை. தொடப்பம்.

மூன்று படம் காட்டியிருக்கிறார்கள். மூன்றுக்கும் பையன் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறான்.

அந்த 74-ஐப் பிரித்துக் காட்டச் சொன்னேன். (பேலன்ஸ் ஷீட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்கிறவன் வேலையில் நீடிக்க முடியாது.) வாய்மொழிப் பகுதியில் 57. கையால் செய்து காட்டும் பகுதியில் 91. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 74. முப்பத்துநான்கு புள்ளி வித்தியாசம் உள்ள இரண்டு எண்ணை ஒன்றாகக் கலக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

இதை விடப் பெரிய தப்பு அதற்கப்புறம் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். பள்ளியில் என்ன மொழியோ அதுவே. தமிழை நிறுத்திவிடுங்கள், குழந்தை குழம்புகிறான்" என்றார்கள். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டோம். பதினைந்து மாசம்! தங்கமணிக்குக் காய்கறிக்காரரோடு பேரம் பேசுகிற அளவுக்குத்தான் ஹிந்தி. அந்த ஹிந்தியில் ஒரு குழந்தையை எப்படிக் கொஞ்சுவது, எப்படி அதட்டுவது, காய்ச்சலில் கிடக்கும்போது என்ன சொல்லித் தட்டிக்கொடுப்பது? "இதர் ஆவோ", "கானா காவோ", "சோ ஜாவோ". மூன்று உத்தரவு, தீர்ந்தது. குளிப்பாட்டும்போது அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள், அது நின்றது. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. எங்கம்மா ஊரிலிருந்து போன் போட்டு, "எய்யா, ராசா, ஆச்சி பேசுதேன்" என்பார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். "இப்போ தமிழ் வேண்டாம்மா, டாக்டர் சொல்லியிருக்காங்க." அம்மா மறு பேச்சு பேசவில்லை. பேரனோடு பேசக்கூடாது என்று ஒரு டாக்டர் ஏன் சொல்லப்போகிறார் என்று பெற்ற தாய்க்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். படித்த பிள்ளை சொல்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு மொழி கேட்டால் ஆட்டிசக் குழந்தை குழம்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2012-ல் கனடாவில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். 45 பேர் இரண்டு மொழிச் சூழலில் வளர்கிறவர்கள், 30 பேர் ஒரு மொழி. இரண்டு மொழி கேட்டவர்கள் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. அதற்கப்புறம் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான். யோசித்தால் இது நமக்கே தெரிந்த கணக்கு. பேச்சு என்பது உறவு. அம்மாவுக்கு வராத மொழியில் அம்மாவைப் பேசச் சொன்னால் குழந்தைக்கு ஒரு மொழி மிச்சமாவதில்லை, அம்மாவில் பாதி குறைகிறது. இந்த ஊரில் வேலை பார்க்கிற எந்த மலையாளி, பெங்காலி, ஒடியா குடும்பத்துக்கும் இதேதான்.

2018 மே மாசம், ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். தமிழ் பேசுகிற ஒரு உளவியலாளர். முதல் அரை மணி நேரம் பேச்சே வேண்டாம் என்று, பத்து வடிவக் கட்டைகளை அதனதன் பள்ளத்தில் பொருத்துகிற ஒரு பலகையைக் கொடுத்தார். மொழியே தேவைப்படாத சோதனை அது. மூன்று தடவை செய்யச் சொல்லி நேரம் குறித்தார். அப்புறம் தமிழில் கேட்டார். வாய்மொழி 79, செய்முறை 93. இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லணும். நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் தெரபி நடந்திருக்கிறது, பையனுக்கும் வயசு கூடியிருக்கிறது, ஒரு தடவை பழகிய சோதனையில் கொஞ்சம் கூடவே வரும். எல்லாம் மொழியால் வந்த ஏற்றம் என்று நான் கணக்கெழுத மாட்டேன். தமிழில் கேட்டதால் ஆட்டிசமும் போய்விடவில்லை. அது இருக்கிறது, இருக்கும். அவர் சொன்ன முதல் வேலை, "இன்னைக்கு ராத்திரியிலிருந்து அம்மா இஷ்டத்துக்குத் தமிழ் பேசட்டும்." ஓட்டல் ரூமில் தங்கமணி ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினாள். பையன் தூங்கி ரொம்ப நேரம் கழித்தும்.

அதனால் வெளியூர் தமிழர்களுக்கு என் கட்சி இது. அசெஸ்மென்ட்டை ஊருக்குப் போகும் வரை தள்ளாதீர்கள், இருக்கிற ஊரிலேயே செய்யுங்கள். ஆனால் எந்த மொழியில் சோதித்தார்கள், வீட்டில் என்ன மொழி என்று இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மொழி தேவைப்படாத சோதனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்த எண்ணோடு பிரிவு எண்களையும் கேளுங்கள். சோதிக்கிறவர் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். எங்களிடம் நீங்கள் லாக்கர் சாவிக்கு எத்தனை கேள்வி கேட்கிறீர்கள்! அப்புறம், எந்த ரிப்போர்ட்டும் அந்தத் தேதிக்கான கணக்குதான். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஜோசியம் சொல்ல முடியாது. முடிந்தபோது தமிழில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். சென்னைக்கு அந்தப் பக்கம் முட்டுக்காட்டில் 2005-லிருந்து ஒரு தேசிய நிறுவனமே இதற்காக இருக்கிறது.

ஊர்க்காரர்கள் பேச்சுக்கு வருவோம். "ஊர்ல கூட்டுக்குடும்பத்துல இருந்தா இது வந்திருக்காது, ஃபிளாட்ல டிவி முன்னாடி உட்கார வெச்சு இப்படி ஆயிருச்சு" என்று ஒரு அத்தை எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னார். தங்கமணி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. இந்தப் பழி நம் ஊர்ச் சரக்கு மட்டுமில்லை. 1943-ல் லியோ கானர் ஆட்டிசத்தை முதலில் விவரித்த பிறகு, பாசமில்லாத அம்மாக்களால்தான் இது வருகிறது என்று அமெரிக்காவில் பெரிய படிப்பாளிகளே வருஷக்கணக்கில் சொன்னார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லேண்ட் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். அவரே ஓர் ஆட்டிசப் பிள்ளையின் அப்பா. அங்கே அறுபது வருஷத்துக்கு முன்னால் மறுத்த விஷயம் இன்னும் நம் அத்தைகளுக்கு வந்து சேரவில்லை.

இதனால்தான் கவுன்சிலிங் பையனுக்கு மட்டுமில்லை என்கிறேன். பையனுக்குத் தெரபி. கவுன்சிலிங் எங்கள் இரண்டு பேருக்கும். நான் முதல் மூன்று தடவை போகவில்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். நான்காவது தடவை போனபோது அந்த உளவியலாளர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க மனைவி கடைசியா எப்போ தனியா வெளியே போனாங்க?" எனக்குத் தெரியவில்லை. தங்கமணிக்கும் நினைவில்லை. ஊரில் என்றால் ஒரு அக்கா, ஒரு பக்கத்து வீடு, அரை மணி நேரம் பிள்ளையை விட்டுவிட்டு வர ஒரு திண்ணை. இங்கே அவளுக்கு இருந்தது நான் ஒருத்தன்தான். நான் பிராஞ்சில் இருந்தேன். அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் பையன் என் பொறுப்பு. முதல் மாசம் அவள் எங்கே போவதென்று தெரியாமல் சீதாபுல்டி வரை போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தாள்.

பணம், சர்டிபிகேட் விஷயத்தைச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பலன்கள். "சர்டிபிகேட் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். வாங்கினேன். அது இருந்ததால்தான் நிராமயா காப்பீடு (ஆண்டுக்கு 1 லட்சம் வரை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் வழியாக). சிபிஎஸ்இ பரீட்சையில் கூடுதல் நேரமும், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும் அதைக் காட்டித்தான். மூன்று மாநிலம் மாறுகிற பிள்ளைகளுக்கு இந்த மொழி விலக்கு சின்ன விஷயமில்லை.

டிரான்ஸ்ஃபருக்கும் வழி இருக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளையைப் பராமரிக்கிற ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கி வைக்கலாம் என்று 2014 ஜூனில் மத்தியப் பணியாளர் துறை உத்தரவு போட்டது, 2018 அக்டோபரில் அதை விரிவாக்கியது. அதைக் காட்டித்தான் நானும் விண்ணப்பித்தேன். ஃபைலைப் பார்த்த அதிகாரி, "போட்டோவுல நார்மலாத்தான் இருக்கான்?" என்று கேட்டார். போட்டோவில் நானும்தான் நார்மலாக இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கிடைத்தது. ஆனால் புரமோஷன் என்றால் ஊர் மாறணும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ மேலே போய்விட்டார்கள். வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. மார்ச் மாசம் ரிசல்ட் வரும்போது ஒரு வாரம் இருக்கும்.

குணப்படுத்துகிறேன் என்று வருகிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. எங்களிடமும் ஒருவர் ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கணக்குச் சொன்னார். லோன் கூட ஏற்பாடு செய்து தருவாராம், ஒரு பேங்க் ஆபீசரிடம்! 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையமே ஆட்டிசத்துக்கு அந்த வைத்தியத்தைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

பையனுக்கு இப்போ பதினைந்து வயசு. ஹிந்தியில் பேசுவான், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் எழுதுவான், எங்களோடு தமிழ். ரயில் டைம்டேபிள் மூன்று மொழியிலும் ஒப்பிப்பான், நிறுத்தச் சொன்னால் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆச்சிக்குப் போன் போடுவது அவன் வேலை. பத்து என்றால் பத்து. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அவங்களே கூப்பிட்டால் எடுக்க மாட்டான்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, உளவியலாளரும் இல்லை, எழுதியது எங்கள் அனுபவமும் எங்கள் கருத்தும். உங்கள் ஊரில் தமிழ் பேசுகிற ஆலோசகர் கிடைக்காவிட்டால், அம்மாக்களும் அப்பாக்களும் தங்களுக்காகப் பேச டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது. தமிழ் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.